பத்துக் கோல் நிலம்

இங்கிலாந்தில் காய்கறி பயிரிடுவதற்காக நகரசபைகள் குறைந்த வாடகைக்குத் தரும் துண்டு நிலத்துக்கு ‘அலாட்மெண்ட்’ என்று பெயர். அதன் மரபான அளவு பத்துக் கோல். ஒரு கோல் என்பது பதினாறரை அடி நீளம். பத்துச் சதுரக் கோலை நம் கணக்கில் சொன்னால் ஆறேகால் சென்ட். ஒரு கிரவுண்டைவிடச் சற்றே அதிகம். மெட்ரிக் அளவைகள் வந்து இத்தனை காலமான பின்னும் இந்தக் கோல் அங்கே வழக்கொழிந்துவிடவில்லை. கல்வெட்டுகளில் நிலமளந்த கோல்களைப் பற்றிப் படித்திருக்கும் நமக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. யாருக்கு எவ்வளவு நிலம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கும் ஒரு கோலின் நுனியில்தான் இருந்திருக்கிறது. அளக்கும் கோலும் ஆளும் கோலும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

சமூகத் தோட்டங்களைப் பற்றியும், வீட்டில் விளைந்ததை அக்கம்பக்கத்தாரோடு பகிர்வதைப் பற்றியும் இன்று எழுதப்படுபவற்றில் ஒரு மென்மையான தொனி இருக்கிறது. நல்ல மனம் கொண்ட சிலரின் ஓய்வுநேரப் பணி, உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது என்பதாக அந்தப் பேச்சு முடிந்துவிடும். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் காய்கறித் தோட்டங்களின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் படிக்கும் ஒருவருக்கு வேறொன்று கண்ணில் படும். அந்நாட்டில் ஏழைகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட ஒவ்வொரு கூடைக் கீரைக்குப் பின்னாலும் ஒரு நில வழக்கு இருந்திருக்கிறது. அந்த வழக்கு நானூறு ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

*

1649 ஜனவரி 30 அன்று இங்கிலாந்தின் அரசன் முதலாம் சார்லஸ் லண்டனில் சிரச்சேதம் செய்யப்பட்டான். உள்நாட்டுப் போரினாலும் அடுத்தடுத்துப் பொய்த்த விளைச்சலினாலும் ரொட்டி விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ரே மாவட்டத்தில் உள்ள செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஒரு சிலர் மண்வெட்டிகளோடு ஏறித் தரிசு நிலத்தைக் கொத்தத் தொடங்கினார்கள். அவர்கள் விதைத்தவை கேரட், அவரை, பிறகு பார்ஸ்னிப் என்கிற வெள்ளை நிறக் கிழங்கு. சில நாட்களில் இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். யார் வந்தாலும் உணவு தருவதாக அவர்கள் அழைப்பு விடுக்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் பதறிப்போய் ஆட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அவரைப் பதற வைத்தது கேரட் விதை அல்ல, அந்த அழைப்பு.

அவர்களை வரலாறு ‘டிக்கர்கள்’ என்று குறிப்பிடுகிறது. தோண்டுகிறவர்கள் என்று பொருள். அவர்களின் சிந்தனையாளர் ஜெரார்ட் வின்ஸ்டன்லி. விகன் நகரத்தில் 1609-இல் பிறந்து, லண்டனில் துணி வியாபாரம் செய்து, போர்க்காலத்தில் நொடித்துப்போய், சர்ரேயில் மாடு மேய்த்துப் பிழைத்தவர். பூமி எல்லா மனிதருக்கும் பொதுவான ஒரு கருவூலமாகவே படைக்கப்பட்டது, அதை வேலியிட்டு விற்பதும் வாங்குவதுமே மனிதகுலத்தின் வீழ்ச்சி என்பது அவர் வாதத்தின் சாரம். அவரும் அவருடைய தோழர் வில்லியம் எவரார்டும் ராணுவத் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் முன் விசாரணைக்கு நின்றபோது தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். தளபதியும் தங்களைப் போன்ற ஒரு படைப்பே என்பது அவர்கள் சொன்ன காரணம். ஃபேர்ஃபாக்ஸ் அவர்களிடம் பெரிய ஆபத்து எதையும் காணவில்லை.

ஆபத்தைக் கண்டவர்கள் பக்கத்து நிலவுடைமையாளர்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொது நிலம் என்றால் எவர் வேண்டுமானாலும் எதையும் செய்துகொள்ளும் நிலம் என்று பொருளல்ல. நம் ஊர்ப் புறம்போக்கைப் போலவே அதற்கும் வழக்காறுகள் உண்டு. இன்னார் இத்தனை மாடு மேய்க்கலாம், இன்னார் விறகு பொறுக்கலாம் என்று உரிமைகள் வகுக்கப்பட்டிருந்தன. அந்த உரிமை பெற்ற குடியானவர்கள் பலருக்கும் டிக்கர்கள் வெளியாட்களாகவே தோன்றினார்கள். பயிர்கள் மிதிக்கப்பட்டன, குடிசைகள் சரிக்கப்பட்டன. பெண்ணுடை அணிந்து வந்த ஒரு கும்பல் அவர்களைத் தடிகளால் அடித்துப்போட்டது. அத்துமீறி நுழைந்ததற்காக நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஆகஸ்டுக்குள் குன்றைவிட்டு இறங்கிப் பக்கத்துக் கோபம் ஊரின் தரிசில் மீண்டும் விதைத்தார்கள். 1650 ஏப்ரலில் அங்கே எஞ்சியிருந்த வீடுகளும் எரிக்கப்பட்டன. ஓராண்டு, அவ்வளவுதான்.

செயின்ட் ஜார்ஜ் குன்று இன்று வாயிற்காவலுடன் கூடிய ஒரு செல்வந்தர் குடியிருப்பு. கோல்ஃப் மைதானமும் டென்னிஸ் மன்றமும் உண்டு. உடைமைகள் இல்லாத உலகைக் கற்பனை செய்யச் சொல்லிப் பின்னாளில் பாடிய ஜான் லென்னன் 1964-இல் வீடு வாங்கியது இந்தக் குன்றில்தான். வரலாறு சில சமயம் இப்படிச் சிரிக்கிறது.

*

டிக்கர்கள் தோற்றபின் நடந்தது நிதானமான, சட்டபூர்வமான, எனவே மிக முழுமையான ஒரு கையகப்படுத்தல். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றின் வழியே சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், தனியாரின் வேலிகளுக்குள் சென்றது. பசு மேய்த்த இடமும், சுள்ளி பொறுக்கிய காடும், அறுவடைக்குப் பின் ஊரார் கால்நடைகளை ஓட்டிவிட்ட வயலும் போயின. இவற்றின் மதிப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறியதில்லை. ஆனால் கூலிக்காரன் வீட்டில் பாலும் முட்டையும் இருந்ததா இல்லையா என்பதை அவையே தீர்மானித்தன. நிலமில்லாத கூலிக்காரன் இனி முழுக்கக் கூலியை நம்பியவன். கூலி போதாதபோது தேவாலயப் பகுதியின் ஏழை நிவாரணத்தை நம்பியவன்.

அலாட்மெண்ட் பிறந்தது இந்த இடத்தில். வில்ட்ஷயரில் உள்ள கிரேட் சாமர்ஃபோர்ட் என்ற சிற்றூரின் நிலங்கள் வேலியிடப்பட இருந்தபோது, ஸ்டீவன் டெமைன்ப்ரே என்ற பாதிரியார் ஏழைகளுக்கென ஒரு பகுதியை நிரந்தரமாக ஒதுக்கும்படி மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் வேண்டினார். 1809-இல் அப்படி ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் நாட்டின் மிகப் பழைய அலாட்மெண்ட்களாகக் கருதப்படுகின்றன. பறிபோன பொது நிலத்துக்கு ஈடாக ஒரு கைப்பிடி மண். அதையும் கொடுக்க மனம் வந்தவர்கள் அப்போது மிகச் சிலரே.

1830-இல் தென் இங்கிலாந்து முழுவதும் கூலி விவசாயிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்த ‘ஸ்விங்’ கலகம் வெடித்தது. அதன் பிறகு நிலப்பிரபுக்களுக்கும் பாதிரியார்களுக்கும் திடீரென அலாட்மெண்ட்களின் மீது அக்கறை பிறந்தது. அவர்கள் வகுத்த விதிமுறைகளைப் படித்தால் அந்த அக்கறையின் இயல்பு புரியும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. ஒழுங்காக ஆராதனைக்கு வர வேண்டும். குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டால் நிலம் பறிபோகும். பல இடங்களில் ஏர் பூட்டத் தடை, மண்வெட்டி மட்டுமே. நிலம் உணவைத் தருவதோடு அடக்கத்தையும் விளைவிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்ப்புத் தெரிவித்த பண்ணையார்களின் கவலை இதற்கு நேர்மாறானது. சொந்தத் தோட்டத்தில் உழைத்துக் களைத்த கூலியாள் மறுநாள் நம் வயலில் எப்படி வேலை செய்வான்? வீட்டில் உருளைக்கிழங்கு இருப்பவன் நாம் சொல்லும் கூலிக்கு ஏன் வருவான்? இரண்டாவது கேள்வியில் ஒரு நேர்மை இருக்கிறது. பத்துக் கோல் நிலம் மனிதனுக்கு என்ன தரும் என்பதைப் பரோபகாரிகளைவிடப் பண்ணையார்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

1845-ஆம் ஆண்டின் பொது வேலியடைப்புச் சட்டம், இனி வேலியிடும்போது உழைக்கும் ஏழைகளுக்கெனத் தோட்டநிலம் ஒதுக்குவதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அடுத்த கால் நூற்றாண்டில் வேலியிடப்பட்டது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல். தோட்டங்களுக்குக் கிடைத்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர்.

*

தானம் உரிமையாக மாறியதற்குக் காரணம் வாக்குச்சீட்டு. 1884-இன் சீர்திருத்தச் சட்டம் கிராமப்புறக் கூலித்தொழிலாளர்களில் பெரும்பாலான ஆண்களுக்கு வாக்குரிமையைத் தந்தது. உடனே கட்சிகளுக்கு நிலம் நினைவுக்கு வந்தது. ‘மூன்று ஏக்கரும் ஒரு பசுவும்’ என்ற முழக்கத்தோடு அறியப்பட்ட ஜெஸ்ஸி காலிங்ஸ் 1886 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த ஒரு திருத்தம் சாலிஸ்பரி பிரபுவின் அரசையே கவிழ்த்தது. ஒரு பேரரசின் அரசாங்கம் ஏழைகளின் காய்கறிப் பாத்திகளில் இடறி விழுந்தது என்றால் இன்று நம்பக் கடினமாக இருக்கும். 1887-இல் ஓர் அலாட்மெண்ட் சட்டம் வந்தது. 1908-இன் சிறுபண்ணைகள் மற்றும் அலாட்மெண்ட்கள் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. ஓர் ஊரில் பதிவுபெற்ற வாக்காளர்களோ வரிசெலுத்துவோரோ ஆறு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால் உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தாக வேண்டும்; தேவை இருக்கிறது என்று கண்டால் நிலம் தர வேண்டும். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1925-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் மன்றம் விற்க முடியாது.

இந்தச் சட்டங்களில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். 1922-ஆம் ஆண்டின் வரையறைப்படி, அலாட்மெண்ட் தோட்டம் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்பதற்கான காய் கனிகளை விளைவிக்கும் நிலம். 1950-இன் சட்டம் அங்கே கோழியும் முயலும் வளர்க்கலாம் என்றது. சேவல் கூடாது, வியாபாரமாகவும் செய்யக்கூடாது. ஆக, சந்தைக்கென்று இந்த நிலத்தில் பயிரிட முடியாது. ஆனால் இயற்கைக்கு வரையறை தெரியாது. ஆகஸ்டு மாதத்தில் அவரைக் கொடிகளும் சுக்கினிச் செடிகளும் எந்தக் குடும்பமும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் காய்க்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் சுக்கினி முழங்கை நீளம் வளர்ந்து நிற்கும். தின்னவும் முடியாது, கடை போடவும் முடியாது என்றால் மிஞ்சுவது கொடுப்பதுதான். பக்கத்துப் பாத்திக்காரருக்கு, எதிர்வீட்டு முதியவருக்கு, வேலை செய்யும் இடத்துக்கு, வேலியோரம் ஒரு பெட்டியில் பெயர் தெரியாத எவருக்கோ. கொடுத்தவருக்கு அடுத்த வாரம் லீக் தண்டுகளோ நாற்றோ விதையோ ஓர் ஆலோசனையோ திரும்பி வரும்.

அராஜகவாதச் சிந்தனையாளரான காலின் வார்டும் புவியியலாளர் டேவிட் க்ரௌச்சும் சேர்ந்து 1988-இல் அலாட்மெண்ட்கள் குறித்து எழுதிய நூல், இந்தக் கொடைப் பழக்கத்தை அந்தப் பண்பாட்டின் மையமாகவே காண்கிறது. ஏழைகளை அடக்கிவைக்க வகுக்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் உள்ளே, சந்தைக்கும் தர்மத்துக்கும் வெளியே நிற்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உலகம் உருவாகியிருந்தது. அதற்கு முதல் நிபந்தனை ஒன்றுண்டு. கொடுப்பவனுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். நிவாரணம் பெறுகிறவன் வாங்கத்தான் முடியும். பத்துக் கோல் உள்ளவன் கொடுக்கவும் முடியும். பசியைவிட ஆழமான ஒரு குறையை, கொடுக்க எதுவும் இல்லாத குறையை, அந்த மண் நீக்கியது.

*

அரசுக்கு இந்தத் தோட்டங்களின் அருமை தெரிந்தது போர்க்காலங்களில்தான். 1917 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களைக் கண்டமேனிக்கு மூழ்கடிக்கத் தொடங்கின. உணவில் பாதிக்கு மேல் கடல்வழியே வந்த நாடு தடுமாறியது. சற்று முன்னரே, 1916 டிசம்பரில், சும்மா கிடக்கும் நிலங்களை உரிமையாளரின் இசைவின்றியே எடுத்துப் பயிரிடும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்குத் தரப்பட்டிருந்தது. மூன்று நூற்றாண்டுகளாகத் தெய்வ நியதியைப் போலப் பேணப்பட்ட சொத்துரிமை ஓர் அரசாணையில் விலகி நின்றது. சுமார் ஆறு லட்சமாக இருந்த அலாட்மெண்ட்கள் போர் முடியும்போது பதினைந்து லட்சம் ஆகியிருந்தன. அமைதி திரும்பியதும் நிலங்களும் உரியவர்களிடம் திரும்பிச் சென்றன.

இடைப்பட்ட ஆண்டுகளில் சற்று வேறான ஒரு முயற்சி நடந்தது. 1926-இன் நீண்ட நிலக்கரிச் சுரங்கப் போராட்டத்துக்குப் பிறகு, தெற்கு வேல்ஸின் வேலையற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்குக் குவேக்கர்கள் விதையும் உரமும் கருவிகளும் குறைந்த விலையில் கொடுத்து உதவினார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது இத்திட்டம் நாடெங்கும் பரவியது. இலவசமாகத் தராமல் ஒரு பகுதி விலை பெற்றுக்கொண்டதில் ஒரு கண்ணியம் இருந்தது.

1939 அக்டோபரில் வேளாண் அமைச்சர் ரெஜினால்ட் டார்மன்-ஸ்மித் இன்னும் ஐந்து லட்சம் அலாட்மெண்ட்கள் வேண்டும் என்று வானொலியில் அழைப்பு விடுத்தார். ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்ற புகழ்பெற்ற இயக்கத்தின் தொடக்கம் அது. லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் காய்கறி விளைந்தது. பெத்னல் கிரீன் பகுதியில் குண்டு விழுந்து சிதைந்த வீடுகளின் இடிபாடுகளை அள்ளிப் போட்டுவிட்டு மக்கள் பாத்தி கட்டினார்கள். தெருவாரியாகப் பன்றி வளர்ப்புச் சங்கங்கள் தோன்றி, வீடுகளின் எச்சில் உணவைத் திரட்டிப் பன்றிகளுக்கு இட்டன. கிராமத்துப் பெண்கள் சங்கங்கள் அரசு தந்த சர்க்கரையில் உபரிப் பழங்களைக் கொண்டு ஜாம் காய்ச்சி ரேஷனுக்கு அளித்தன. அலாட்மெண்ட்கள் சுமார் பதினான்கு லட்சத்தை எட்டின. நாடே ஒரு கூட்டுத் தோட்டமாக மாறிய அந்த ஆண்டுகளைப் பற்றி ஆங்கிலேயர்கள் இன்றும் நெகிழ்ச்சியோடு பேசுவார்கள். நியாயமான நெகிழ்ச்சிதான்.

ஆனால் நாம் அந்தக் கதையை அங்கேயே நிறுத்த முடியாது. வானொலியில் அழைத்த அதே டார்மன்-ஸ்மித் 1941-இல் பர்மாவின் ஆளுநராகச் சென்றார். மறு ஆண்டே பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தது. ஆளுநர் சிம்லாவுக்குத் தப்பி வந்தார். வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று வங்கக் கரையோரத்தின் படகுகளையும் உபரி நெல்லையும் பிரிட்டிஷ் அரசு அப்புறப்படுத்தியது. போர்க்காலப் பணவீக்கம் அரிசி விலையை ஏற்றியது. 1943-இன் பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர் வரை இறந்தார்கள். லண்டன் பூங்காக்களில் முட்டைக்கோஸ் திரண்டுகொண்டிருந்த அதே பருவம் அது. பின்னாளில் அமர்த்தியா சென் 1981-இல் வெளியான தம் நூலில், உணவு இல்லாததால் அல்ல, உணவைப் பெறும் உரிமையும் வழியும் இற்றுப்போனதால்தான் வங்கத்தின் கிராமப்புறக் கூலிகள் மடிந்தார்கள் என்று வாதிட்டார். நிலமற்றவர்களும் மீனவர்களும் கைவினைஞர்களுமே அந்தச் சாவில் முன்வரிசையில் இருந்தார்கள். இங்கிலாந்தின் பண்ணையார்கள் 1830-இல் அறிந்திருந்த உண்மைதான் இது: விளைச்சல் எவ்வளவு என்பதைவிட, யாருடைய கையில் என்பதே முக்கியம். வங்கத்தின் கூலியாளுக்கு ஆறேகால் சென்ட்டும் இல்லை, வாக்குச்சீட்டும் இல்லை.

*

போருக்குப் பின் கதை மீண்டும் பழைய தடத்தில் சென்றது. பூங்காக்கள் பூங்காக்களாயின, இடிபாடுகள் கட்டடங்களாயின. ரேஷன் 1954-இல் ஒழிந்தது, பல்பொருள் அங்காடிகள் வந்தன. அலாட்மெண்ட் என்றால் தொப்பி அணிந்த கிழவர்கள் தகரக் கொட்டகைக்கு வெளியே தேநீர் குடிக்கும் இடம் என்றாயிற்று. அரசு அமைத்த தார்ப் குழு 1969-இல் அறிக்கை தந்தபோது நாட்டில் ஐந்து லட்சத்துச் சொச்சம் துண்டுகளே எஞ்சியிருந்தன. அவற்றிலும் ஐந்தில் ஒன்று காலி. வறுமையின் வாடை வீசும் அந்தப் பெயரையே மாற்றி ‘ஓய்வுத் தோட்டம்’ என்று அழைக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. தோட்டக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தத் துண்டுகளை உயிரோடு வைத்திருந்தவர்களில் புதிதாக வந்தவர்களும் உண்டு. பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்க் கீரையான கலலூவை விதைத்தார்கள். அது நம் தண்டுக்கீரைக்கு உறவு. கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் கட்டட முதலாளிகளிடம் தங்கள் அலாட்மெண்ட்களை இழந்த மக்கள், 1978-இல் ஒரு பாழ்நிலத்தைத் திருத்தி நகரப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே பின்னர் வங்காளதேசத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சுரையும் அவரையும் கொத்தமல்லியும் பயிரிட்டார்கள். ஆங்கிலம் அதிகம் பேசாத, வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத பெண்களுக்கு ஒரு சுரைக்கொடி எத்தனை பேரின் நட்பைக் கொண்டுவந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பறிபோனதற்கு ஈடாகப் பாழ்நிலத்தில் ஒரு பாத்தி என்பது அங்கேயும் திரும்ப நிகழ்ந்தது.

*

2008-இல் மேற்கு யார்க்ஷயரின் டாட்மார்டன் என்ற சிறு நகரத்தில் சில பெண்கள் இந்த வரலாற்றின் போக்கைச் சற்றே திருப்பினார்கள். சுமார் பதினைந்தாயிரம் பேர் வாழும் பழைய பஞ்சாலை ஊர் அது. ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைத்த 1847-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் போராடிய ஜான் ஃபீல்டன் இந்த ஊர்க்காரர், அதுவும் ஆலை முதலாளி. ஆலைகள் மூடப்பட்டுப் பல காலமான பின், உள்ளாட்சி மன்றத்தின் முன்னாள் தலைவரான பாம் வார்ஹர்ஸ்ட்டும் சமூகப் பணியாளரான மேரி க்ளியரும் அவர்களின் தோழர்களும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊரின் கேட்பாரற்ற மூலைகளில் காய்கறி நட்டார்கள். மேரி க்ளியர் தம் வீட்டின் முன்சுவரை இடித்துவிட்டுத் தோட்டத்தில் காய்கறி வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பலகை மாட்டினார்.

பிறகு ரயில் நிலைய மேடையில் மூலிகைகள், காவல் நிலையத்தின் முன் காய்கறிப் பாத்தி, கால்வாய்க் கரையில் வாசனைத் தழைகள் என்று ஊரே தோட்டமானது. மருத்துவ நிலையத்தைச் சுற்றியிருந்த முட்புதர்களைக் களைந்து பழமரங்கள் நட்டார்கள். எவரும் பறிக்கலாம். இயக்கத்துக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. சாப்பிடுகிற எவரும் உறுப்பினர்தான் என்றார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘இன்க்ரெடிபிள் எடிபிள்’. நம்பமுடியாத உண்பொருள் எனலாம். இந்த மாதிரி பிற ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பரவியது.

இதில் ஒரு ஊர் பசியாறிவிடும் என்று எவரும் நம்பவில்லை, அவர்கள் உட்பட. அந்தப் பாத்திகளை அவர்கள் ‘பிரச்சாரத் தோட்டங்கள்’ என்றே அழைத்தார்கள். காவல் நிலைய வாசலில் சோளக்கதிர் பறிக்கும் ஒருவன் அதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறான்: இந்த நிலம் யாருடையது, இத்தனை காலம் இது ஏன் சும்மா கிடந்தது? அலாட்மெண்ட்டுக்கு ஒரு வாயிற்கதவு உண்டு, பூட்டு உண்டு, காத்திருப்போர் பட்டியல் உண்டு. டாட்மார்டனில் கதவு இல்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. செயின்ட் ஜார்ஜ் குன்றின் அந்தப் பழைய அழைப்பு இம்முறை எவரையும் பதறவைக்கவில்லை. உள்ளாட்சி மன்றம் பின்னர் தன் சிறு நிலங்களில் பயிரிட மக்களுக்கு உரிமமே வழங்கத் தொடங்கியது.

அதே 2008-இல்தான் நிதி நெருக்கடி வெடித்தது. தொடர்ந்து வந்த சிக்கன ஆண்டுகளில் பிரிட்டனின் புதிய அடையாளமாக மாறியவை உணவு வங்கிகள். அவற்றில் மிகப்பெரிய வலையமைப்பான ட்ரஸ்ஸல் 2023–24-ஆம் ஆண்டில் முப்பத்தோரு லட்சம் உணவுப் பொட்டலங்களை விநியோகித்தது. பசித்தவனுக்குச் சோறிடுவதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தத் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் பல குழந்தைகள் பட்டினியோடு உறங்கியிருக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு சீட்டு வேண்டும், தேவையை மெய்ப்பிக்க வேண்டும். பெறுகிறவர் பெறுகிறவராகவே வீடு திரும்புகிறார். 1830-இன் தேவாலய நிவாரணத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பொதுப்பாத்தியில் கீரை பறிக்கிறவர் அடுத்த சனிக்கிழமை களை பறிக்கவும் வரலாம். அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்று இருக்கிறது. நலவாழ்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இயக்கத்தினர் பிறகு கேட்கத் தொடங்கியது விதையோ நிதியோ அல்ல, ஓர் உரிமை. பயன்படாமல் கிடக்கும் பொது நிலங்களின் பட்டியலை உள்ளாட்சிகள் வெளியிட வேண்டும், அங்கே பயிரிட மக்களுக்கு எளிய வழி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. ‘வளர்க்கும் உரிமை’ என்று அதற்குப் பெயர். 2023 அக்டோபரில் ஹல் நகரமன்றம் இதற்கு ஆதரவான தீர்மானத்தை நாட்டிலேயே முதலாவதாக நிறைவேற்றியது. தீர்மானம் சட்டமாகிவிடாது, சட்டமும் நிலமாகிவிடாது என்பதை இதுவரையிலான கதை நமக்குச் சொல்லியிருக்கிறது. கலகம் வந்தபோது கொடுத்தார்கள், தேர்தல் வந்தபோது கொடுத்தார்கள், போர் வந்தபோது வாரிக் கொடுத்தார்கள். அச்சம் நீங்கியதும் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1908-இன் சட்டத்தால் காக்கப்பட்டவையே பெருமளவில் எஞ்சின. அவற்றுக்காக இன்றும் நகரங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

வேலியோரப் பெட்டியில் யாரோ வைத்துவிட்டுப் போகும் நான்கு சுக்கினிகள் சிறிய விஷயம்தான். அவற்றை வைத்தவருக்குக் கால் ஊன்ற ஆறேகால் சென்ட் கிடைப்பதற்கு ஓர் அரசு கவிழ வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் ஒரு குன்றின் மேல் கேரட் விதைத்தவர்களின் குடிசைகள் எரிய வேண்டியிருந்தது. அவர்கள் விதைத்த கேரட்டை அறுவடை செய்தவர் யாரென்று எங்கும் பதிவில்லை.